கிரேட் சவுத் ரோட்: போருக்குப் போட்ட வீதி

ஏப்ரல் பிறந்ததும் மனுகாவில் சில பாடசாலைகளின் முன்புல்வெளியில் சிறிய வெள்ளைச் சிலுவைகள் நடப்படும். பிள்ளைகள் சிவப்புக் காகிதத்தில் பொப்பிப் பூ வெட்டி ஒட்டுவார்கள். 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்பொலியில் தரையிறங்கிய அன்சாக் படையினர்தான் பாடம். எட்டு மாதச் சண்டையில் நியூசிலாந்து 2,779 பேரை இழந்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகையே பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். அந்தத் துக்கத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை.

வார இறுதித் தமிழ் வகுப்பில் எங்கள் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "எங்கட ஆக்களும் அங்க சண்டை பிடிச்சவையோ?" இந்திய மலைப் பீரங்கிப் படை அன்சாக் காரருடன் அதே நாளில் தரையிறங்கியது, கலிப்பொலிக்குப் போன இந்தியர் சுமார் 16,000 பேர், மாண்டவர் சுமார் 1,600. பெரும்பாலும் பஞ்சாபியரும் கூர்க்காக்களும். இதைச் சொன்னதும் பின்வரிசைப் பெற்றோரின் முகத்தில் ஓர் ஆறுதல் தெரியும், எங்களுக்கும் இந்தக் கதையில் ஒரு மூலை கிடைத்துவிட்டதுபோல. எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. எந்த வீட்டுக்குள் இடம் கேட்கிறோம் என்றும் பார்க்க வேண்டாமா?

வகுப்புக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வீதியிலிருந்தே தொடங்கலாம். பாப்பாட்டொயிட்டொய், மனுகாவ், மனுரேவா, பாப்பாகுரா என்று நீளும் கிரேட் சவுத் ரோட்டில் இன்று மசாலாக் கடையும் கார் விற்பனை நிலையமுமாக இருக்கிறது. 1862இல் ஆளுநர் ஜோர்ஜ் கிரே படையினரைக் கொண்டு இதை ட்ரூரிக்குத் தெற்கே, மங்கத்தாவிரி ஓடை வரை போடுவித்தார். ஓடைக்கு அப்பால் மாவோரி மன்னரின் வைக்காட்டோ. 1863 ஜூலை 9 அன்று இந்தப் பக்கத்து மாவோரிகளுக்கு ஓர் உத்தரவு வந்தது: விக்டோரியா அரசிக்கு விசுவாசச் சத்தியம் செய், இல்லையேல் வைக்காட்டோவுக்குப் போ. மாங்கெரேயிலும் இஹுமாத்தாவோவிலும் தோட்டம் செய்து ஓக்லாந்துக்கே உணவு கொடுத்தவர்கள் வீட்டையும் விளைச்சலையும் விட்டுப் போனார்கள். மூன்றாம் நாள், ஜூலை 12, ஜெனரல் கமரனின் படை ஓடையைக் கடந்தது.

அந்தப் போருக்கு வந்த படையணிகள் சிலவற்றை எங்கள் பக்கத்து ஊர்களும் அறியும். 70ஆம் படையணி இந்தியாவிலிருந்து வந்தது. 43ஆம் படையணி, 1857 கிளர்ச்சியை அடக்கப் பெங்களூரிலிருந்து வடக்கே நடந்தே போனது. 1863இல் கல்கத்தாவில் கப்பலேறி இங்கே வந்து, அடுத்த ஆண்டு டவுரங்காவில் கேட் பா அரணைத் தாக்கியது. "எங்கட ஆக்கள்" என்ற கேள்விக்கு இதையும் பதிலில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1864 பெப்ரவரி 21, ஞாயிறு விடியல். கோதுமை வயலும் பழத்தோட்டமும் மாவு ஆலையும் நிறைந்த ரங்கியாவோஃபியா என்ற ஊருக்குள் குதிரைப்படை புகுந்தது. ஒரு வீடு, உள்ளே ஆட்கள் இருக்கையிலேயே எரிந்தது. அங்கே சுடப்பட்டுப் பின்னர் இறந்த கேர்ணல் நிக்ஸனுக்கு 1868இலேயே ஒட்டாஹுஹுவில், இதே கிரேட் சவுத் ரோட்டில், நினைவுத்தூண் எழும்பிவிட்டது. ஆறு வாரத்தில் ஒராக்காவ்: பெண்களும் சிறுவர்களும் உட்பட சுமார் 300 பேர் மூன்று நாள் தாக்குப்பிடித்தார்கள். பின்னர் வைக்காட்டோவில் ஏறக்குறைய 12 இலட்சம் ஏக்கர் நிலம் பறிமுதல். நியூசிலாந்துப் போர்கள் அனைத்திலும் மாண்டவர் ஏறக்குறைய 3,000 பேர் எனக் கணிக்கிறார்கள், பெரும்பான்மையினர் மாவோரிகள். கலிப்பொலி எண்ணுக்கு மிக அருகில் உள்ள எண். ஆனால் அதற்கென்று நாட்டில் ஒரு நாள் இருக்கவில்லை.

அந்த நாளைக் கேட்டவர்கள் பாடசாலைப் பிள்ளைகள். 2014இல் ஒட்டோரொஹங்கா கல்லூரி மாணவர்கள் ரங்கியாவோஃபியாவுக்கும் ஒராக்காவுக்கும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். நடந்ததை அங்கேயே முதியவர்கள் வாயால் கேட்டார்கள். வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் நடந்த ஒன்றை இவ்வளவு காலமும் ஏன் எவரும் சொல்லவில்லை என்பதுதான் அவர்களை உறுத்தியது. லியா பெல், வைமாராமா அண்டர்சன் என்ற இரு மாணவிகள் முன்னின்று கையெழுத்துச் சேர்த்தார்கள். 2015 டிசம்பரில் 12,000க்கு மேற்பட்ட கையெழுத்துகளுடன் மனு நாடாளுமன்றப் படிக்கட்டில் கையளிக்கப்பட்டது. 2017 முதல் ஒக்டோபர் 28 நியூசிலாந்துப் போர்களின் நினைவு நாள். 2023இல் இந்த நாட்டு வரலாறு பாடசாலைகளில் கட்டாய பாடமாகவும் வந்தது.

ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இதில் விளக்கிச் சொல்ல அதிகம் இல்லை. இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட துயிலும் இல்லங்களை நாங்கள் அறிவோம். 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோதும் வாசலுக்கு ஓடிவந்தவர்கள் மாணவர்கள்தான். அது அவ்வாண்டே மீண்டும் எழுந்தது. ஆனாலும், எங்கள் நினைவுக்கு மண்டபம் தேடும் நாங்கள், ஒக்டோபர் 28ஐ நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோமா? எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

ஏப்ரல் 25 பெரும்பாலும் பாடசாலை விடுமுறைக்குள் வந்துவிடும். ஒக்டோபர் 28 அப்படியல்ல. பொது விடுமுறையும் இல்லை, வகுப்பு நடக்கும். மனுகாவிலிருந்து தெற்கே இரண்டு மணிநேரத்துக்குள் ரங்கியாவோஃபியா. 1850களில் மாவோரி மக்களுக்காகக் கட்டப்பட்ட மரத் தேவாலயம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது, சுற்றிலும் பசுக்கள் மேயும் நிலம்.