பீஸ் கட்டையும் சட்டப் புத்தகமும்



"விடுதிக் கதை எழுத நிறையப் பேர் இருக்காங்க அண்ணாச்சி, நீங்க கரண்டைப் பத்தி எழுதுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் மில்லிலும் காற்றாலையிலும் கம்பியோடு பழகியவன் என்ற உரிமையில், நம்ம சீமைக்கு மின்சாரம் வந்த கதையையும் அதன் பின்னால் பாதுகாப்பு வந்து சேர்ந்த கதையையும் சொல்கிறேன்.

தாமிரபரணித் தண்ணீர் மின்சாரம் ஆவதற்கு முன்னாலேயே இயந்திரம் ஓட்டியது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை தொடங்கினார்கள். அருவித் தண்ணீரின் வேகத்தில்தான் அது ஓடியது. அந்தக் காலத்தில் ஆபத்து இருந்த இடம் பெல்ட்டும் பல்சக்கரமும். 1881-ல் வந்த இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டமும் சுழலும் இயந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது. ஆனால் நூறு பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் செல்லும். 99 பேர் என்றால் அது வாசற்படி ஏறாது. இந்த 'நூறு' என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

சென்னை மாகாணத்தில் அரசின் நீர்மின் நிலையங்கள் வரிசையாக வந்தன. பைக்காரா 1932, மேட்டூர் 1937, நம்ம பாபநாசம் 1944. பிறகு ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள். கம்பத்தில் போகும் கம்பி, நடுவில் எஃகும் சுற்றிலும் அலுமினியமும் வைத்து முறுக்கியது. அந்தக் கம்பிகளுக்கு அணில், முயல், நாய், சிறுத்தை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள்: ஸ்குவிரல், ராபிட், டாக், பாந்தர். தடிமன் கூடக்கூட மிருகமும் பெரிதாகும். ஆனால் அணிலானாலும் சிறுத்தையானாலும் அந்தக் கம்பிக்கு உறை கிடையாது. சுற்றியுள்ள காற்றும், தரையிலிருந்து உள்ள உயரமும்தான் அதற்குப் பாதுகாப்பு. 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகள், தெருவைக் குறுக்கே கடக்கும் உயர் அழுத்தக் கம்பி 6.1 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றன. சுமார் இருபது அடி.

வீட்டுக்குள் வந்த முதல் காவலாளி பீஸ் கட்டை. "பீஸ் இருக்குல்லா, பின்ன என்ன பயம்?" என்று இன்றைக்கும் கேட்பவர்கள் உண்டு. பீஸ் காப்பாற்றுவது கம்பியை, மனுஷனை அல்ல. ஐந்து ஆம்பியர் பீஸ் உருக 5,000 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். மனுஷன் கை கம்பியை விட முடியாமல் இறுகிப்போக பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் போதும். அதற்கு மேல் கொஞ்சம் கூடி, சில நொடி நீடித்தால் உயிருக்கே ஆபத்து. 100 வாட் குண்டு பல்பு இழுப்பதே 430 மில்லி ஆம்பியருக்கு மேல். ஆள் செத்துக் கிடப்பார், பீஸ் அசையாமல் இருக்கும்.

இரண்டாவது காவல் எர்த். மோட்டாரின் இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால், அது ஆளைத் தேடாமல் மண்ணுக்குள் இறங்க வழி. கரியும் உப்பும் போட்ட அந்தக் குழி ஈரமாக இருந்தால்தான் வழி திறக்கும். சித்திரை வெயிலில் வள்ளியூர், பணகுடிப் பக்கத்து மண் காய்ந்து கிடக்கும்போது, குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற யாருக்கு ஞாபகம் வருகிறது?

மூன்றாவதுதான் மனுஷனுக்கென்றே வந்த காவல், நாம் டிரிப்பர் என்று சொல்லும் கசிவுத் தடுப்பான். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், எவ்வளவு கரண்ட் வரை ஒருவரால் கையை விடுவித்துக்கொள்ள முடியும் என்று தன்னார்வலர்களை வைத்து அளந்து பார்த்தார். 1961-ல் அதற்கேற்ற கருவியையும் உருவாக்கினார். தத்துவம் எளிது. போன கரண்ட் முழுசும் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எவர் உடம்பு வழியாகவோ போகிறது என்று எடுத்துக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். நம் நாட்டு விதிகளில் 61-ஏ என்ற பிரிவு இதைக் கட்டாயம் ஆக்கியது. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறிய இணைப்புகளுக்கு அது விலக்கு அளித்திருந்தது. ஏழை வீடும் சின்னப் பட்டறையும் பெரும்பாலும் அந்த விலக்குக்குள்தான் இருந்தன!

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். 1881-ல் 100 பேர். 1891-ல் 50 ஆனது. 1922-ல் 20. சுதந்திரம் வந்த பிறகு 1948-ம் வருஷச் சட்டம், மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது. அறுபத்தேழு வருஷத்தில் நூறு பத்தாகியது. அந்தச் சட்டத்தில் 1976-ல் சேர்ந்த 36-ஏ பிரிவை நம் மாணவர்கள் மனப்பாடமே செய்ய வேண்டும்: தொட்டி, குழாய் போன்ற அடைசலான இடத்துக்குள், தக்க பாதுகாப்பு இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கு கூடாது. ஒரு ஆலையில், பெயர் வேண்டாம், வீட்டுக் கரண்டில் எரியும் கைவிளக்கோடு ஈரத் தொட்டிக்குள் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளியைத் தூக்கி வெளியே போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அவர் பிழைத்துக்கொண்டார், விரல்கள்தான் பிழைக்கவில்லை. சட்டம் அந்த ஆலை அலுவலக அலமாரியில் பைண்டு செய்து பத்திரமாக இருந்தது.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அந்தப் பத்தை மறுபடி இருபது ஆக்கியிருக்கிறது. பத்துப் பேர் உள்ள இடங்கள் 'நிறுவனம்' என்ற பொதுக் கணக்கில் வரும். 'தொழிற்சாலை' என்ற கணக்கில் வராது. இறங்கிக்கொண்டே வந்த எண் முதல் முறையாக ஏறியிருக்கிறது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் வெல்டிங் பட்டறை நம் ஊர்களில் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எந்த எண்ணுக்குள்ளும் வராத இடங்களும் உண்டு. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் மாண்டார்கள். 2025 மார்ச்சில் நமக்குப் பக்கத்து மாவட்டத்தில், இனயம் புத்தன்துறையில், தேவாலயத் திருவிழா வேலையில் இரும்பு ஏணி கம்பியில் பட்டு நான்கு பேர் போனார்கள். சாமி காரியத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவதில்லை. அங்கே படித்தவனின் வாய்ச்சொல்தான் சட்டம்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே! நாளைக்கு நீங்கள் முப்பந்தல் காற்றாலையிலோ கூடங்குளத்திலோ வேலைக்குப் போகலாம். லைன் கிளியர் வாங்கினோம் என்று மட்டும் நம்பாதீர்கள். டெஸ்டர் வைத்துப் பாருங்கள், எர்த் ராடு மாட்டுங்கள், அப்புறம் கை வையுங்கள். டிரிப்பரில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள். "சும்மா போட்டுப் பாருல" என்று மேலதிகாரி சொன்னாலும், "முடியாது சார்" என்று சொல்லப் பழகுங்கள்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கம் வருஷந்தோறும் கேடயமும் பரிசும் கொடுக்கிறது, நல்லதுதான். இந்த வருஷம் கூடவே சுற்று வட்டாரத்தில் பத்துச் சின்னப் பட்டறைகளைத் தேர்ந்தெடுத்து, டிரிப்பர் மாட்டி, எர்த் குழி வெட்டிக் கொடுத்தால் என்ன? பொருள் செலவை நாம் ஏற்போம். உரிமம் பெற்ற வயர்மேன் நம்மிலேயே இருக்கிறார்கள், வேலையை அவர்கள் செய்யட்டும், மாணவர்கள் கூட நின்று கற்றுக்கொள்ளட்டும். சட்டம் இருபதுக்கு ஏறினாலும் நம் கணக்கு ஒன்றிலேயே நிற்கட்டும். ஒரு ஆள் வேலை செய்கிற இடமும் நமக்குத் தொழிற்சாலைதான்.