வட்டி இறங்கிய நாடும் வாடிய தீவும்

வட்டி குறைந்தால் தொழில் வளரும் என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். கடன் மலிவானால் ஆலைகள் புதிய இயந்திரங்களை வாங்கும், வேலை பெருகும், விற்பனை கூடும். இது பெரும்பாலும் உண்மையே. ஆனால், எப்போதும் உண்மையா? நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே அளவில் உண்மையா? ஜப்பானின் அண்மைக்கால வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகிறது. அந்நாட்டின் வடகோடித் தீவாகிய ஹொக்கைடோவையும் உடன்வைத்து அதனைக் காண்போம்.

மலிவான பணம்

1985 செப்டம்பர் 22ஆம் நாள் நியூயார்க் நகரின் பிளாசா ஹோட்டலில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்சு, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடினர். டாலரின் மதிப்பைக் குறைப்பதென முடிவாயிற்று. அப்போது ஒரு டாலருக்கு ஏறத்தாழ 240 யென் கிடைத்தது. 1987 இறுதியில் அது ஏறத்தாழ 120 யென்னாகக் குறைந்துவிட்டது. அயல்நாடுகளில் ஜப்பானியப் பொருள்களின் விலை ஏறியது, ஏற்றுமதியாளர் திணறினர். அவர்களுக்குக் கைகொடுக்க, ஜப்பானின் மைய வங்கி 5 விழுக்காடாக இருந்த தன் வட்டி வீதத்தை 1986 சனவரி முதல் படிப்படியாகக் குறைத்து, 1987 பிப்ரவரியில் 2.5 விழுக்காட்டிற்குக் கொணர்ந்தது.

மலிவான பணம் ஆலைகளுக்கு மட்டும் செல்லவில்லை. நிலத்திலும் பங்குகளிலும் பாய்ந்தது. நிலத்தை ஈடுகாட்டிக் கடன் பெற்றனர். அக்கடனைக் கொண்டு மேலும் நிலம் வாங்கினர். நிலத்தின் விலை ஏற ஏற, ஈட்டின் மதிப்பும் ஏறிற்று. மேலும் கடன் கிடைத்தது. 1989ஆம் ஆண்டின் இறுதியில் டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீட்டெண் 38,915ஐத் தொட்டது.

ஹொக்கைடோவின் கதை

நிலக்கரியும் மீனும் மரமும் ஹொக்கைடோவின் பழைய செல்வங்கள். பெட்ரோலியத்தின் வரவால் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இந்நிலையில், சுற்றுலா விடுதிகளை ஊக்குவிக்கும் சட்டம் ஒன்று 1987இல் நாடு முழுவதற்கும் வந்தது. சுரங்கம் போன இடத்தில் சுற்றுலா வரும் என்று பலர் நம்பினர்.

ஹொக்கைடோ தக்குஷோக்கு வங்கி அத்தீவின் வளர்ச்சிக்கென்றே 1900ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அவ்வங்கி நில வணிகத்திற்கும் விடுதிகளுக்கும் பெருந்தொகைகளைக் கடனாக வழங்கியது.

விலையேற்றம் கண்டு அஞ்சிய மைய வங்கி 1989 மே மாதம் முதல் வட்டியை உயர்த்தி, 1990 ஆகஸ்டில் 6 விழுக்காடாக்கியது. பங்கு விலைகள் சரிந்தன. நில விலைகளும் தொடர்ந்து சரிந்தன. ஈட்டின் மதிப்பு குறைந்தது; கடனோ குறையவில்லை. மைய வங்கி மீண்டும் வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. 1995 செப்டம்பரில் அது 0.5 விழுக்காடாயிற்று.

வட்டி அவ்வளவு தாழ்ந்திருந்தும், 1997 நவம்பர் 17ஆம் நாள் தக்குஷோக்கு வங்கி வீழ்ந்தது. அம்மாதத் தொடக்கத்தில் சான்யோ என்னும் பங்கு வணிக நிறுவனம் நொடித்தது. அதனால் வங்கிகள் தம்முள் கடன் கொடுக்கவே அஞ்சின. நாட்டில் பணம் மிக மலிவாயிருந்த காலத்தில், பணம் கிடைக்காமலே ஒரு வங்கி மூடப்பட்டது! அதன் ஹொக்கைடோ கிளைகளை அதனினும் சிறிய ஹொக்குயோ வங்கி ஏற்றுக்கொண்டது.

வட்டியில்லாக் கடனும் பாரமே

1999 பிப்ரவரியில் மைய வங்கி குறுகிய காலக் கடனுக்கான வட்டியை ஏறத்தாழ பூச்சியத்திற்கே இறக்கியது. அப்போதும் தொழில் துள்ளி எழவில்லை. ஏன்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மீனவர் ஒருவர் 100 யென்னை வட்டியின்றிக் கடனாகப் பெறுகிறார். அன்று ஒரு மீனின் விலை 100 யென். ஓராண்டில் அது 98 யென்னாகக் குறைகிறது. இப்போது ஒரு மீனை விற்றால் கடன் தீராது. விலைகள் வீழும்போது, வட்டியில்லாக் கடனும் வட்டியுள்ள கடனாகிவிடுகிறது. எனவே நிறுவனங்கள் புதுக்கடன் வாங்குவதைவிடப் பழங்கடனை அடைப்பதிலேயே கருத்தூன்றின.

சேமிப்போரும் இழந்தனர். 2016இல் மைய வங்கி வட்டியைப் பூச்சியத்திற்கும் கீழே கொண்டுசென்றது. அப்போது பெரிய வங்கிகளின் சாதாரண சேமிப்புக் கணக்கிற்கு 0.001 விழுக்காடே வட்டி. 10 லட்சம் யென் போட்டுவைத்த முதியவருக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைத்தது 10 யென்!

ஹொக்கைடோவின் யூபரி நகரத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த சுரங்க நகரம் அது. சுரங்கங்கள் மூடியபின், நகராட்சி கடன் வாங்கிச் சுற்றுலாத் தலங்களை அமைத்தது. எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. 2007இல் ஏறத்தாழ 3,500 கோடி யென் கடனுடன் அந்நகராட்சி நொடித்தது. அப்போது அங்கே எஞ்சியிருந்த மக்கள் ஏறத்தாழ 13,000 பேரே.

2024 மார்ச்சில் ஜப்பான் பூச்சியத்திற்குக் கீழான வட்டியைக் கைவிட்டது. வட்டி வீதம் நாடு முழுவதற்கும் ஒன்றே. அதன் விளைவோ இடத்திற்கு இடம் வேறுபடும். மடையைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைக்கு நீர் சேராது. நல்ல வங்கிகளும் நிலையான தொழில்களும் வாங்கும் ஆற்றலுள்ள மக்களுமே அந்த வாய்க்கால்கள். அடுத்தமுறை ‘வட்டி குறைப்பு’ என்ற செய்தியைப் படிக்கும்போது, அது கடைமடை வரை சென்று சேருமா என்றும் எண்ணிப் பாருங்கள்.