செம்மண் சாலையும் துரை வண்டியும்

நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் கப்பலையும் கங்காணியையும், கூலியையும் கள்ளுக்கடையையும், சங்கத்தையும் வேலைநிறுத்தத்தையும் பற்றி வேண்டிய மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் துரை பங்களாவிலிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கும், அங்கிருந்து மலைக்காட்டு நிரைகளுக்கும், சம்பள நாளில் சிரம்பான் பாங்கிக்கும் ஓயாமல் ஓடிய பச்சை நிற லேண்ட்ரோவரைப் பற்றி நின்று எழுதியவர் அரியர். இன்றோ, அதே வண்டியை எங்கெங்கோ தேடிப் பிடித்து, கைப்பணத்தைக் கொட்டிப் புதுப்பித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றிலும் ஓடையிலும் இறக்கி மகிழ்கிற ஒரு கூட்டம் மலேசியாவெங்கும் பெருகியிருக்கிறது. பிரியமுள்ள வண்டிக்குப் பூர்வோத்தரம் சொல்ல இது தகுந்த சமயமென்றே தோன்றுகிறது.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு 1891-லேயே ரயில் பாதை போட்டுவிட்டார்கள். ஆயினும் ரயில் என்பது சரக்கு கடலுக்குப் போவதற்கான ஏற்பாடேயன்றி, தோட்டத்துக்குள் மனிதன் போய்வருவதற்கான ஏற்பாடன்று. லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் முதலிய இடங்களிலிருந்த தோட்டங்களின் உட்சாலைகளெல்லாம் செம்மண் சாலைகள். வெயிலில் புழுதி, மழையில் குழம்பு. மாட்டுவண்டியும் சைக்கிளும் அவற்றில் எப்படியோ சமாளித்தன. சீமையிலிருந்து தருவித்த மோட்டார் காடியோ, அடைமழைக் காலத்தில் பத்துப் பேர் தள்ளினாலொழிய நகராது. தள்ளிய பத்துப் பேர் யாரென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு சக்கரமும் ஒருங்கே இழுக்கும் வாகனம் இந்தத் தோட்டங்களுக்கு யுத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஜப்பானியர் சரணடைந்துவிட்ட பிறகும் முன்னர் வகுத்த திட்டப்படியே, இந்தியத் துருப்புகள் சிலாங்கூரின் மோரிப் கடற்கரையிலும் போர்ட்டிக்சன் பக்கத்துக் கடற்கரையிலும் இறங்கின. மோரிப்பில் மேலே கெட்டியாகத் தோன்றிய மணலுக்கு அடியில் சேறு இருந்தமையால், இறக்கிய வண்டிகளில் பல அங்கேயே புதைந்து நின்றன என்பது அந்தப் படையெடுப்பின் பிரசித்தமான அவமானம். கரையேறிய ஜீப்புகளோ நாட்டுக்குள் பரவின. பின்னர் ராணுவம் கழித்துவிட்டவை தோட்டக்காரர் கைக்கும் வந்து சேர்ந்தன.

அந்த ஜீப்பின் தம்பிதான் லேண்ட்ரோவர். ரோவர் கம்பெனியின் தலைமை எஞ்சினியர் மாரிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸைச் சார்ந்த ஆங்கிள்ஸி தீவிலிருந்த தம் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை வைத்து உழைத்துக்கொண்டிருந்தவர். அது உடைந்தால் பதிலுக்கு எதை வாங்குவதென்ற கேள்வியிலிருந்தே புது வண்டியின் யோசனை பிறந்தது என்பர். யுத்தத்துக்குப் பின் எஃகுக்குப் பங்கீடு இருந்தபடியால் உடற்கூட்டை அலுமினியக் கலப்பு உலோகத்தால் செய்தார்கள். விமானங்களுக்குள் பூச வாங்கி மிஞ்சிய பச்சைச் சாயத்தையே பூசினார்கள். பஞ்சத்தால் செய்த இந்தக் காரியம் மலாயாவின் ஈரத்துக்கு எதிர்பாராத அனுகூலமாயிற்று. ஏனெனில் அலுமினியம் துருப்பிடிப்பதில்லை. 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டியை உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்கு ஏழு வாரம் நிறையுமுன், ஜூன் 16-ஆம் தேதி, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் தோட்டக்காரர்கள் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் பிறந்தது. பண்ணைக்கென்று பிறந்த வண்டி மலாயாத் தோட்டத்துக்கு வந்தபோது போர்க்கோலம் பூண வேண்டியதாயிற்று.

இந்த வண்டியின்மேல் தோட்டங்களில் செய்யப்பட்ட முதற்பெரும் மாறுதல் அலங்காரத்துக்காக அன்று, பயத்துக்காகச் செய்யப்பட்டதாகும். அலுமினியத் தகடு மழையை மறைக்குமே தவிரக் குண்டை மறைக்காது. ஆகவே கதவுகளுக்கும் இருக்கைக்குப் பின்புறத்துக்கும் கனத்த எஃகுத் தகடுகளை வெட்டிப் பொருத்தினார்கள். முன்கண்ணாடியை மறைத்த தகட்டில் பாதையைப் பார்க்க நீளவாட்டில் ஒரு துவாரம் மட்டும் விட்டார்கள். 1.6 லிட்டர் எஞ்சின் இவ்வளவு பாரத்தை இழுக்கவென்று செய்யப்பட்டதன்று: வில்பட்டைகள் தட்டையாகித் தளர்ந்தன, மேட்டில் மூச்சு வாங்கிற்று, இறக்கத்தில் பிரேக் பிடிக்கத் தாமதித்தது. உள்ளே உட்கார்ந்தவர் காற்றில்லாமல் வெந்தார். தளர்ந்த வில்லுக்கு மேலும் ஒரு பட்டை சேர்த்துக் கட்டுவதும், தகட்டின் ஓரம் டயரில் உராயாமல் சீவிவிடுவதும், அறைந்து சாத்திச் சாத்திப் பிளந்த கதவுக்கீலை ஒட்டவைப்பதும் தோட்டத்துப் பட்டறைக்காரர் வேலை. தமிழர், சீனர், மலையாளிகள் என்று கலந்திருந்த இந்தக் கைகளே அந்த வண்டியை ரோவர் கம்பெனியின் சோலிஹல் தொழிற்சாலை எஞ்சினியர்களைக் காட்டிலும் நன்றாக அறிந்திருந்தன என்பது என் அபிப்பிராயம்.

கவசம் வீண்பயமன்று. 1951 அக்டோபர் 6-ஆம் தேதி பிரேசர் மலைச் சாலையில் மலாயாவின் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி மறைந்திருந்து தாக்கப்பட்டு மாண்டபோது, அவருடைய காருக்கு முன்னே சென்ற போலீஸ் லேண்ட்ரோவரில் கவசமில்லை. அதிலிருந்த காவலர்களில் பெரும்பாலோர் ஆரம்ப வேட்டுகளிலேயே காயமடைந்தார்கள். அதிகாரிக்குக் கவசமும் ஏவலாளுக்குத் திறந்த வண்டியும் என்ற சம்பிரதாயம் தோட்டத்தில் இல்லாமலிருந்ததென்று சொல்ல முடியாது. சம்பளப் பணம் எடுத்து வரும் நாள் எல்லாவற்றிலும் ஆபத்தான நாள். எந்நேரம் புறப்படுவது, எந்தச் சாலையில் திரும்புவது என்பதைத் துரை கடைசி நிமிஷம்வரை வாய்விட்டுச் சொல்லமாட்டார். பல துரைமார் தாமே ஓட்டினார்கள். ஓட்டாதவருக்கு ஓட்டியவர் டிரைவர். பின்னால் துப்பாக்கியுடன் மலாய்க் காவலர்கள். டிரைவரின் இரு கையும் சக்கரத்தில்.

இதே காலத்தில் உணவுக் கட்டுப்பாடும் வந்தது. காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, லயங்களைச் சுற்றியிருந்த முள்வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகத் தடை விதித்தார்கள். விடியுமுன் பால்வெட்டப் போன பெண், வாளியோடு வாசலில் சோதனைக்கு நின்றாள், வேலை முடிந்து திரும்பும்வரை பட்டினியாகவே இருந்தாள். துரையின் வண்டிக்கு வாசல் திறந்த வேகத்தை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பாள்.

1953 செப்டம்பரில், பக்கத்து மலாக்காவின் ஒரு பகுதி முதல் 'வெள்ளைப் பிரதேச'மாக, அதாவது கட்டுப்பாடுகள் நீங்கிய பகுதியாக, பிரகடனம் செய்யப்பட்டது. கட்டுப்பாடுகள் இடத்துக்கிடம் தளர்ந்து, 1960 ஜூலை 31-ஆம் தேதி அவசரகாலம் முடிந்தது. தகடுகளைக் கழற்றியபோது வண்டிகள் துள்ளி எழுந்திருக்கும். அதன்பின் வண்டி சாதாரண ஊழியத்துக்கு வந்தது: உரமூட்டை, ஒட்டுப்பால், கன்றுகள், ராத்திரியில் பிரசவ வேதனையோடு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கர்ப்பிணி. வெயில் தாக்காதிருக்கக் கூரைக்கு மேல் இடைவெளிவிட்டு இன்னொரு கூரை வைத்த வண்டிகளும் வந்தன.

அதை ஓட்டும் வித்தையைச் சற்றே சொல்ல வேண்டும். கியர்க்கோலின் பக்கத்தில் மஞ்சள் குமிழ் வைத்த ஒரு கோலும், சிவப்புக் குமிழ் வைத்த ஒரு கோலும் இருக்கும். மஞ்சளை அமுக்கினால் முன்சக்கரங்களும் இழுக்கத் தொடங்கும். வண்டியை நிறுத்தி, சிவப்பைப் பின்னுக்கு இழுத்தால் நான்கு சக்கரமும் மெதுகதியில், ஆனால் பெரும் பலத்தோடு சுழலும். பழகாதவன் சேற்றில் மாட்டிக்கொண்ட பிறகே மஞ்சளைத் தேடுவான். பழகியவன் சேற்றைக் கண்டதும் அமுக்கி, காலை அதிகம் மிதிக்காமல், சக்கரம் வழுக்குமுன் மறுகரை சேர்ந்திருப்பான். மிதித்தால் சக்கரம் குழி தோண்டும்; அதைவிட மோசமாக, பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் அச்சு முறியும். இந்த வண்டியின் தீராத பலவீனம் அதுவே.

பிறகு தோட்டங்களே கைமாறின. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களைத் துண்டாடி விற்பது பெருகவே, தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டம் வாங்குவதற்கென்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரி மலேசியர் வசமாயிற்று. ரப்பர் போன இடத்தில் செம்பனை வந்தது. லேண்ட்ரோவர் போன இடத்தில் ஜப்பானிய பிக்கப் வந்தது. நீலாய், செண்டாயான் பக்கங்களில் தோட்டமே போய் வீட்டுமனைகள் வந்தன. கழித்துவிட்ட வண்டிகள் மரவெட்டுக் குத்தகைக்காரருக்கும் பழத்தோட்டக்காரருக்கும், கேமரன் மலைக் காய்கறி விவசாயிகளுக்கும் போயின. லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, முப்பது வருஷம் ஓட்டியவருக்கு அந்த வண்டியைக் கொடுத்தனுப்பியதாக ஒரு தோட்டத்திலும் நான் கேள்விப்பட்டதில்லை.

இன்று அதை விரும்பி வாங்குகிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகளும் உண்டு. வாங்கியவர் முதலில் குனிந்து பார்ப்பது அடிச்சட்டத்தை; அலுமினியம் துருவேறாவிட்டாலும் சட்டம் எஃகாகையால், மேலே மினுமினுக்கும் வண்டி கீழே பொடியாகியிருக்கும். சட்டத்தை வெட்டி ஒட்டிய பின், பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினை ஏற்றுகிறார்கள். பவர் ஸ்டீயரிங்கும் குளிர்சாதனமும் சேர்க்கிறார்கள். இதில் குறை காண எனக்கு மனமில்லை. பட்டறைக்காரரும் கையில் கிடைத்ததைக் கொண்டே அதை ஓடச் செய்தார்கள். ஆனால் யாரும் சுடாத சாலையில் ஓடும் வண்டிக்கு, முன்னும் பின்னும் மணங்குக் கணக்கில் இரும்புத் தடுப்பைப் பூட்டி, கூரையில் விளக்கு வரிசை ஏற்றி, பழைய வில்பட்டைகளை மறுபடியும் வருத்துவதை மட்டும் என்னால் ரசிக்க இயலவில்லை. 2016 ஜனவரி 29-ஆம் தேதி சோலிஹல்லில் இந்த வமிசத்தின் கடைசி வண்டி வெளிவந்தது. இனிப் புதிதாக வரப்போவதில்லை என்ற எண்ணம், துருப்பிடித்த சட்டத்துக்கும் பேரம் பேச ஆளைக் கொண்டுவந்திருக்கிறது. எஞ்சினை மாற்றியவர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற்று, அங்கீகரிக்கப்பட்ட வாகனப் பரிசோதனைக்கு வண்டியைக் கொண்டு நிறுத்தி, பதிவில் புது எஞ்சின் எண்ணை ஏற்றிக்கொள்ள வேண்டும். நெகிரி செம்பிலானைக் குறிக்கும் 'என்' எழுத்தோடு கூடிய பழைய பதிவெண் மட்டும் அப்படியே தொடரும்.