காண்டாமிருகம் போட்ட நாலணா

அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில், வெந்தயத்துக்கு அடியில் எப்போதும் ஒரு நாலணா கிடக்கும். குலசாமிக்கு ஒண்ணேகால் ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைக்க வேண்டுமென்றால் அந்தக் கால் வேண்டுமே! கடைசியாக அதில் கிடந்தது காண்டாமிருகம் போட்ட எவர்சில்வர் காசு. இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

1957 ஏப்ரல் 1 அன்று பதினாறணா ரூபாய் நூறு நயா பைசா ஆனபோது, ஓரணா ஆறேகால் பைசாவாகி எல்லோரையும் படுத்தியது. நாலணாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. கணக்காக 25 ஆகி உட்கார்ந்துகொண்டது. முதலில் நிக்கல் காசாக வந்தது. 1972இலிருந்து செம்பு கலந்த நிக்கல். 1988இல் எவர்சில்வர். விட்டம் மட்டும் 19 மில்லிமீட்டரிலிருந்து அசையவே இல்லை.

உலோகம் ஏன் மாறிக்கொண்டே வந்தது? எல்லா விலையும் ஏறும்போது நிக்கல் விலையும் ஏறும். காசில் பொறித்த 25 ஏறாது. உலோகத்தின் விலை அதைத் தாண்டிவிட்டால் ஜனங்கள் காசைச் செலவழிக்க மாட்டார்கள், உருக்கிவிடுவார்கள். அதனால் அக்கசாலை மலிவான உலோகத்தைத் தேடிப் போகும்.

இடையில் ஒரு பெரிய அடி. 1972இல் வறட்சி, 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. 1974-75இல் மொத்த விலைகள் 25 சதவீத அளவுக்கு எகிறின. கையில் பணம் குறைந்தால் விலை அடங்கும் என்று கூடுதல் பஞ்சப்படியில் பாதியை அரசு கட்டாய டெபாசிட்டாகப் பிடித்துவைத்தது. மற்றபடி நாலணாவைக் கரைத்தது சத்தமில்லாத ஏற்றம்தான். வருஷம் 7 சதவீதம் ஏறினால் போதும், பத்து வருஷத்தில் விலை இரண்டு மடங்கு.

எவ்வளவு கரைந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தொழிலாளி குடும்பம் வாங்கும் அரிசி, பருப்பு, துணி, வாடகை எல்லாவற்றையும் ஒரு கூடையாகக் கட்டி, அதே கூடைக்கு இன்று என்ன விலை என்று மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் மாதாமாதம் பார்க்கிறது. 1960இல் அந்தக் குறியீடு 100. பிறகு 1982இலும் 2001இலும் கூடையை மாற்றி, மறுபடி 100 என்று தொடங்கினார்கள். பழசையும் புதுசையும் ஒட்டவைக்க 4.93, 4.63 என்று இரண்டு பெருக்கெண்கள். 2011 ஜூனில் குறியீடு 189. இரண்டாலும் பெருக்கினால் 4,300ஐத் தாண்டுகிறது. அதாவது 1960இல் நாலணாவுக்கு வாங்கியதற்கு 2011இல் பத்தே முக்கால் ரூபாய் வேண்டும். கூடையே இரண்டு முறை மாறியதால் இதைத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரொம்பத் தப்பாகவும் இருக்காது.

இந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஏறுகிறது. (அகவிலை என்றால் தானிய விலை. பஞ்சப்படி என்ற பழைய பேரில்தான் உறைப்பு அதிகம்.) தெருவில் பூ விற்கிறவளுக்கு எந்தப் படியும் கிடையாது. முழத்துக்கு எட்டணா கூட்டினால் நாம்தான் பேரம் பேசுவோம்.

கடைசிக் காலத்தில் நாலணாவுக்கு மரியாதை போய்விட்டது. கண்டக்டர் மீதி தரமாட்டார். கடைக்காரர் மிட்டாயை நீட்டுவார். அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்துத் தீப்பெட்டி கேட்டால் முறைப்பார். 2011 ஜூன் 29 வரை வங்கியில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். 30ஆம் தேதி முதல் செல்லாது. “சாமி காசை யாராவது பேங்கில் போடுவாங்களா?” என்று அம்மா கேட்டுவிட்டாள். அப்படித்தான் அது என்னிடம் வந்தது. ஒண்ணேகால் இப்போது பதினொரு ரூபாய் ஆகிவிட்டது.

எட்டணா மட்டும் இன்னும் சாகவில்லை. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, பத்து ரூபாய் வரை அதை எண்ணிக் கொடுக்கலாம். உங்கள் தெருக் கடையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.