எண்ணப்படாத தலைகள்: உல்லாசப் படகும் குழந்தைகளும்

கழார்த் துறையில் புனலாடிய ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோனதையும், ஆதிமந்தி அவனைத் தேடி ஊர்தோறும் அலைந்ததையும் பரணர் அகநானூற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நினைவுகூர்கிறார். நீர் விளையாட்டு நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. நீர் ஆளைக் கொண்டுபோகும் என்பதும் புதிதன்று. ஆயினும் ஆட்டனத்தியை வெள்ளம் கொண்டுபோயிற்று. நம் காலத்தில் சுற்றுலா சென்ற குழந்தைகளை நீரிடம் சேர்த்தவை பெரும்பாலும் மனிதரின் கணக்குப் பிழைகள். அப்பிழைகளுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

நெய்வேலி நகரியத்தில் கடலும் இல்லை, பேராறும் இல்லை. விடுமுறை வந்தால் வேன் பிடித்துப் பிச்சாவரம் போவது இங்குள்ள குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். சிதம்பரத்தை அடுத்த அந்த அலையாத்திக் காட்டின் கால்வாய்களில் துடுப்புப் படகும் மோட்டார் படகும் ஓடுகின்றன. 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தால் புகழ்பெற்ற இடம் அது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நீர்நிலைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். உடன் வந்த ஆசிரியர் ஒருவரின் ஆறு வயது மகளுக்குப் படகுத்துறையில் பெரியவர்களுக்கான உயிர்காப்பு அங்கியை மாட்டினார்கள். அது முழங்கால் வரை தொங்கியது. இடுப்புப் பட்டையைக் கட்ட முடியவில்லை. நாம் சிரித்தோம், படமும் எடுத்தோம். அன்று ஒன்றும் நிகழவில்லை. ஒன்றும் நிகழாததையே பாதுகாப்பு என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பினோம். இக்கட்டுரை அந்தச் சிரிப்பின் மீதான உறுத்தலிலிருந்து எழுதப்படுகிறது.

மோட்டார் படகு விபத்துகளில் இலக்கிய வாசகர்கள் முதலில் நினைவுகூரத்தக்கது 1924ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் நிகழ்ந்தது. கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கிச் சென்ற 'ரிடீமர்' என்னும் படகு பல்லனை ஆற்றின் வளைவில் கவிழ்ந்தது. 24 பேர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் மலையாள மகாகவி குமாரன் ஆசான். அப்போது அவருக்கு வயது 50. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் முறைஜபம் முடிந்து திரும்பிய கூட்டமும் சேர்ந்துகொள்ள, படகு தன் அளவுக்கு மீறிச் சுமந்திருந்தது. 'ரிடீமர்' என்ற சொல்லுக்கு மீட்பர் என்று பொருள்.

இத்தனை பேரைத்தான் ஏற்றலாம் என்று சான்றிதழில் எழுதும் முறை அன்றைக்கே அறியப்படாததன்று. பிரிட்டிஷ் இந்தியாவில் 1917ஆம் ஆண்டின் உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டம் கலங்களை ஆய்வு செய்து சான்றளிக்க வகைசெய்தது. அச்சட்டம் பல திருத்தங்களோடு நூறாண்டுக்கு மேல் நீடித்து, 2021இல் இயற்றப்பட்ட உள்நாட்டுக் கலங்கள் சட்டத்திற்கு இடம்விட்டது. எனவே விதி இல்லாமையால் குழந்தைகள் இறந்தனர் என்று சொல்லிவிட முடியாது.

2007 பிப்ரவரி 20: கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயம் அருகே, பெரியாற்றில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தனர். படகு அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தது. பிள்ளைகளை அழைத்துச் சென்ற ஆசிரியர்களும் மாண்டார்கள் என்னும் செய்தி நம்மைப் போன்றோரை எளிதில் விடுவதில்லை.

2009 செப்டம்பர் 30: முல்லைப் பெரியாறு அணையால் உருவான தேக்கடி ஏரியில், 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணப் பயணியர் ஒரே பக்கம் திரண்டதும் படகு சாய்ந்தது. மேலடுக்கில் ஆள் கூடக் கூடப் படகின் எடை மையம் உயரும். அந்நிலையில் கூட்டம் ஒரு பக்கம் நகர்ந்தால், நிமிரும் ஆற்றலைப் படகு இழந்துவிடுகிறது. எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை.

2011 டிசம்பர் 25: கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழவேற்காடு சென்ற உறவினர் கூட்டம் ஒன்று மீன்பிடிப் படகில் உலாப் போயிற்று. படகு கவிழ்ந்தது, குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தனர். மீன்பிடிப் படகு வலையும் மீனும் சுமக்கக் கட்டப்பட்டது. குடும்பங்களை அமர்த்துவதற்கு உரியதன்று.

2023 மே 7: மலப்புறம் மாவட்டம் தானூரில், பொழுது சாய்ந்த பின் சென்ற ஒரு படகு கவிழ்ந்தது. இறந்த 22 பேரில் 15 பேர் குழந்தைகள். அதுவும் மீன்பிடிப் படகை மாற்றியமைத்ததே.

2024 ஜனவரி 18: வடோதராவின் ஹர்ணி ஏரியில், பள்ளிச் சுற்றுலா வந்த 12 சிறுவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தனர். படகில் அளவுக்கு மேல் ஆள். அங்கியோ சிலருக்கு மட்டும். ஆசான் மூழ்கிய நாளிலிருந்து எண்ணினால் நூறு ஆண்டும் இரண்டு நாளும் கழிந்திருந்தன.

இந்நிகழ்வுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கையில் புயலோ சுழியோ முதன்மைக் காரணமாகத் தெரியவில்லை. நேராத எண்ணிக்கை, அணியாத அங்கி, பொருந்தாத படகு ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றுள் எண்ணிக்கை தனியே கவனிக்கத்தக்கது. சீட்டின் எண்ணிக்கை தலையின் எண்ணிக்கை ஆகாது. மடியில் அமரும் குழந்தைக்குச் சீட்டு இல்லாதிருக்கலாம். எடையும் உயிரும் அதற்கு உண்டு. சீட்டைக் கொண்டு எண்ணும் படகில், எல்லாருக்கும் முன்னதாகக் காக்கப்பட வேண்டியவர்களே கணக்கில் வராமல் போகிறார்கள்.

அங்கியின் செய்தியும் அத்தகையதே. அது குழந்தையின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பட்டைகளைக் கட்டியபின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால், அங்கி முகவாய்க்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால், நீரில் குழந்தை அதன் அடிவழியே நழுவிவிடும். சிறு குழந்தைகளின் அங்கியில் கால்களுக்கிடையே செல்லும் பட்டை இருப்பது இதற்காகத்தான். மோட்டார் படகில் இன்னொரு ஆபத்து சுழலும் விசிறி. குழந்தைகள் ஏறும்போதும் இறங்கும்போதும் இயந்திரம் நின்றிருக்க வேண்டும். ஓடும் படகின் முனையில் காலைத் தொங்கவிட்டு அமர விடக் கூடாது; முனையிலிருந்து விழுபவர் மேல்தான் படகு ஏறிச் செல்லும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூவி அழைப்பதில்லை என்பதால், பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் நெய்வேலிக்குப் புரியாத செய்திகள் அல்ல. நேரு 1957இல் தொடங்கிவைத்த சுரங்கத்தில் 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அதன் அடியில் பேரழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நிலைக்கும். நீரைக் கணக்கிட்டு அஞ்சக் கற்றுக்கொண்டதால் பிழைத்த ஊர் இது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி இங்கே பணிக்கு வருவோரின் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. தலைக்கவசம் இன்றிச் சுரங்கத்துள் இறங்குவதைத் தொழிலாளர் எவரும் வீரமாகக் கருதுவதில்லை. அதே தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் பட்டை கட்டாத அங்கியோடு மகளை அமர்த்துகிறார் என்றால், குறை அவருடைய அறிவில் இல்லை. பணியிடத்தின் ஒழுங்கை உல்லாசத்தின் வாயிலில் கழற்றி வைத்துவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் பொதுவானது. ஆறு வயதுச் சிறுமியைப் பார்த்துச் சிரித்த நமக்கும் பொதுவானது.

ஆதிமந்திக்குக் கடல் தன் கணவனைத் திருப்பித் தந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பழவேற்காடும் தானூரும் எவருக்கும் அப்படித் திருப்பித் தரவில்லை. இப்போதெல்லாம் மாணவர்களோடு புறப்படும்போது, சீட்டு வாங்கத் தேவையில்லாத மழலை உட்பட ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்கிறோம். ஏறும்முன் படித்து எண்ணுகிறோம். படகில் ஒருவர் மிகுந்தால் அடுத்த படகு வரும்வரை கரையில் காத்திருக்கிறோம். சிறுவர் அளவில் அங்கி இல்லையென்றால், பிள்ளைகளோடு நாமும் கரையிலேயே இருந்துவிடுகிறோம். முணுமுணுப்பு எழத்தான் செய்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே வீடு திரும்பலாம்.