வளையல் சத்தமும் எண் 81உம்

கம்பளைக்குக் கடல் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்றும் மகாவலி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஆழிப்பேரலை அடித்த செய்தியை எங்களுக்கு வானொலிதான் சொன்னது. சில வாரம் கழித்து, பஸ் நிலையத்துத் தேநீர்க்கடையில் ஒரே பேச்சு. கிழக்குக் கரையிலுள்ள கல்முனை ஆஸ்பத்திரியில் 81ஆவதாகச் சேர்த்த கைக்குழந்தையை ஒன்பது தாய்மார் தங்கள் பிள்ளை என்கிறார்களாம். "மரியாதைராமன் இருந்தால் ஒரு நொடியில் தீர்ப்பான்" என்றார் கடைக்காரர். பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த சிங்களப் பெரியவர், அது எங்கள் மகௌஷத பண்டிதர் சொன்ன தீர்ப்பல்லவா என்றார். ஒரு பிள்ளைக்கு இரண்டு பெண்கள் வழக்காடும் அதே கதை உம்மக்க ஜாதகத்திலும் உண்டு. இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

இரண்டு கதையிலும் பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு அடையாறு வழக்கு ஞாபகம் வந்தது அதனால்தான்.

1910இல், சென்னை அடையாறு பிரம்மஞான சபையில் இருந்த நாராயணையா, பின்னாளில் தத்துவஞானியாக அறியப்பட்ட கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா என்ற தன் மகன்களைச் சபைத் தலைவி அன்னி பெசன்ட்டின் பொறுப்பில் எழுதிக்கொடுத்தார். பெசன்ட்டின் சகா லெட்பீட்டரின் நடத்தையில் ஐயம் எழுந்ததும் திரும்பக் கேட்டார். 1912இல் வழக்குப் போட்டார். சென்னையில் தந்தை வென்றார். 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைப் புரட்டியது. பையன்கள் இருப்பது இங்கிலாந்தில், அவர்கள் தரப்பை யாருமே கேட்கவில்லை என்பது அங்கே எடுபட்ட காரணங்களில் ஒன்று. மரியாதைராமனுக்குத் தோன்றாதது அந்த லண்டன் நீதிபதிகளுக்குத் தோன்றியிருக்கிறது.

வழக்கு நடந்துகொண்டிருந்த 1913இல், பதினெட்டு வயதுக் கிருஷ்ணமூர்த்தி தன் நினைவுகளை எழுதத் தொடங்கினார். அதில் முன்னுக்கு நிற்பவர் 1905இலேயே இறந்துவிட்ட அம்மா. இறந்த பிறகும், பள்ளிக்கூடம் போகையில் பின்னால் அவர் நடந்துவருவது கேட்குமாம்; அவருடைய வளையல் சத்தம்தான் குறிப்பாக நினைவில் நின்றதாம். தந்தையும் வளர்ப்புத்தாயும் நீதிமன்றத்தில் மல்லுக்கட்ட, பிள்ளை தேடியது மூன்றாவது ஆளை! பிற்காலத்தில் அந்த வளையல் சத்தமும் போய்விட்டது. இளமைக்காலம் தனக்கு அநேகமாக நினைவில் இல்லை என்றே அவர் சொல்லிவந்தார்.

கல்முனைக் குழந்தைக்கு மறக்கவும் ஒன்றுமில்லை. அப்போது சில மாதக் குழந்தை. ஒன்பது தாய்மார் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின; முறைப்படி நீதிமன்றத்துக்குப் போனதோ ஒரே தம்பதி. பிள்ளையின் வாயைக் கேட்க முடியாத இடத்தில் இரத்தத்தைக் கேட்டார்கள். மரபணுப் பரிசோதனை அந்தத் தம்பதியே பெற்றோர் என்றது; 2005 பெப்ரவரியில் பிள்ளை தாயின் கைக்கு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அவனுடைய முதல் நினைவுகளை அவனுக்கு முன்பே பத்திரிகைகள் எழுதிவிட்டன. பள்ளிக்கூடத்தில் அந்த எண்ணைச் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று வளர்ந்தபின் செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறான்.

கிருஷ்ணமூர்த்தி வழக்கைவிடப் பெரியவராக வளர்ந்து அதிலிருந்து தப்பித்தார். எல்லாருக்கும் அது வாய்க்காது. இந்தப் பையனுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அவனுக்கென்று பெயர் இருக்கிறது. நான் அதை இங்கே எழுதவில்லை. இனி வரும் டிசம்பரில் அந்த எண்ணை நீங்களும் எழுதாதீர்கள்.