அவுட்ரீச்சி

கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் போதிய இடம் கிடைக்காத பிரிவினருக்கு உதவித்தொகையுடன் மூன்று மாதப் பயிற்சி அளிக்கும் பன்னாட்டுத் திட்டம். ஆண்டுக்கு இருமுறை, மே முதல் ஆகஸ்ட் வரையிலும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலும், நடைபெறுகிறது. பயிற்சியாளர்கள் தங்கள் ஊரில் இருந்தபடியே இணையவழி வேலை செய்கிறார்கள். 2006-ல், லினக்ஸ் கணினிகளுக்கான திரை இடைமுகத்தை உருவாக்கும் க்னோம் அமைப்பு பெண்களுக்காக நடத்திய சிறு முயற்சியே இதன் தொடக்கம்.

முன்வரலாறு

கட்டற்ற மென்பொருளின் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். வாசலில் காவல் இல்லாததால் வர விரும்புவோர் தாமே வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை அந்த உலகில் நெடுங்காலம் நிலவியது. 2006-ல் வெளியான ஃப்ளாஸ்போல்ஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு அதைக் கலைத்தது. தனியுரிம மென்பொருள் துறையில் பெண்கள் சுமார் 28 விழுக்காடு இருந்தபோது, கட்டற்ற மென்பொருள் பங்களிப்பாளர்களில் அவர்கள் 1.5 விழுக்காடு மட்டுமே. அதாவது, காவல் இல்லாத வாசல் வழியாகத்தான் பெண்கள் மிகக் குறைவாக நுழைந்திருந்தார்கள்.

இதைப் பெண்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1990-களின் இறுதியில் லினக்ஸ் பயன்படுத்தும் பெண்களுக்கான லினக்ஸ்சிக்ஸ் குழுவும், 2004-ல் டெபியன் இயங்குதளத்துக்கான டெபியன் விமன் குழுவும் தோன்றின. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நிரலாளர் வேலரி அரோரா 2002-ல், லினக்ஸுக்குப் பெண்களை ஊக்குவிப்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதினார். பெண்கள் மாற வேண்டும் என்று சொல்லாமல், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதியதே அதன் சிறப்பு.

க்னோம் காலம்

2006 கோடையில், மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தின்கீழ் க்னோமுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணுடையது அல்ல. க்னோம் பங்களிப்பாளர்கள் ஹன்னா வாலக், கிறிஸ் பால் இருவரும் இதை அப்படியே விட்டுவிடவில்லை. கூகுளிடமிருந்து கிடைத்த பணத்தைக் கொண்டு பெண்களுக்கென்றே ஒரு கோடைத் திட்டத்தை அறிவித்தார்கள். அதே கோடையில் ஏறத்தாழ 100 பெண்கள் விண்ணப்பித்தார்கள். ஆறு பேர் தேர்வாகி, ஆளுக்கு 3,000 டாலர் பெற்றார்கள். பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இந்த வரலாற்றில் வேறில்லை. அழைத்தார்கள், வந்தார்கள்.

ஆனால் முயற்சி தொடரவில்லை. 2010-ல் ரெட் ஹாட் பொறியாளர் மரீனா ஷுராகின்ஸ்கயா அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். டிசம்பரில் தொடங்கிய முதல் சுற்றில் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். அவர் வகுத்த முறைதான் இன்றுவரை திட்டத்தின் முதுகெலும்பு. விண்ணப்பதாரர் மாணவராக இருக்க வேண்டியதில்லை. குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டவரும் வரலாம். ஒவ்வொரு பணிக்கும் வழிகாட்டி யார் என்பது முன்கூட்டியே தெரியும். தேர்வுக்கு முன்பே, அந்த வழிகாட்டியின் துணையோடு, திட்டத்துக்கு ஒரு சிறு பங்களிப்பேனும் செய்தாக வேண்டும்.

2013-ல் லினக்ஸ் கெர்னல் இத்திட்டத்தில் இணைந்தபோது இம்முறையின் வலிமை தெரிந்தது. கெர்னல் நிரலாளர் சேஜ் ஷார்ப் அதை ஒருங்கிணைத்தார். கெர்னலின் ஸ்டேஜிங் பகுதியில், இன்னும் பதம் பெறாத டிரைவர் நிரல்கள் கிடக்கும். புதியவர் அதில் ஒரு கோப்பை எடுத்து, செக்பேட்ச் கருவியை ஓட்டுவார். வரி நீண்டுவிட்டது, இடைவெளி தவறு என்று அது சுட்டுவதில் ஒன்றைச் சரிசெய்து, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதி, தன் பெயரில் ஒப்பமிட்டு, வெறும் எழுத்து வடிவ மின்னஞ்சலாக அனுப்புவார். தலைப்பு சரியில்லை, மாற்றத்தை இரண்டாகப் பிரியுங்கள் என்று பதில் வரும். திருத்தி, இரண்டாம் பதிப்பு என்று குறித்து மறுபடி அனுப்புவார். மாற்றம் அற்பமானதுதான், ஆனால் அது ஏற்கப்படும்போது, உலகின் கோடிக்கணக்கான கருவிகளில் ஓடும் நிரலின் வரலாற்றில் அவர் பெயர் நிலையாகப் பதிந்துவிடுகிறது. பிரான்சில் பணிபுரியும் ஆய்வாளர் ஜூலியா லாவல் போன்ற வழிகாட்டிகள் இந்த முதல் கட்டத்துக்கு அளித்த பொறுமையான உழைப்பைப் பணத்தால் அளக்க முடியாது.

பணமும் ஒரு சிக்கலாயிற்று. திட்டம் வேகமாக வளர, பயிற்சியாளர்களுக்கான உதவித்தொகையை க்னோம் அறக்கட்டளை முன்னதாகக் கொடுத்தது. புரவலர்களின் தொகையோ தாமதமாக வந்தது. 2014 ஏப்ரலில் கையிருப்பு வற்றி, அறக்கட்டளை அவசியமற்ற செலவுகளை நிறுத்திவைத்தது. இதை வைத்துத் திட்டத்தையே குறை கூறியவர்கள் உண்டு. அது நியாயமல்ல, தவறு கணக்கு நடைமுறையில்தான் இருந்தது.

கன்சர்வன்சிக்கு மாற்றம்

2015-ல் திட்டம், கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு நிர்வாக ஆதரவு தரும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்புக்கு மாறி, அவுட்ரீச்சி என்ற பெயர் பெற்றது. க்னோமின் முன்னாள் செயல் இயக்குநர் கேரன் சாண்ட்லர் அப்போது கன்சர்வன்சியின் பொறுப்பில் இருந்தார். திருநர்களுக்கும், அமெரிக்காவின் கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மக்களுக்கும் வாய்ப்பு விரிந்தது. பின்னர், தம் நாட்டுத் தொழில்நுட்பத் துறையில் பாகுபாட்டையோ புறக்கணிப்பையோ சந்திப்பவர் எவரும் தம் நிலையைக் கட்டுரையாக எழுதி விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. பாகுபாடு நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதை ஒப்புக்கொண்ட இம்மாற்றமே இத்திட்டம் எடுத்த முடிவுகளில் மிகச் சிறந்தது.

எதிர்ப்பும் இருந்தது. 2018-ல், நிரல்மொழிமாற்றிகளுக்கான எல்எல்விஎம் திட்டத்தின் முக்கிய நிரலாளர் ஒருவர், நடத்தை விதிகளையும் அவுட்ரீச்சியுடனான தொடர்பையும் காரணம் காட்டி விலகினார். பிறப்பின் அடிப்படையில் தேர்வு செய்வதே பாகுபாடு என்பது அவர் வாதம். ஆனால் இங்கே ஒதுக்கப்படுவது பயிற்சி மட்டுமே. பயிற்சியாளர் அனுப்பும் நிரலும் மற்றவர்கள் நிரலைப் போலவே சரிபார்க்கப்பட்டுத்தான் சேர்கிறது.

மரீனா ஷுராகின்ஸ்கயா 2022-ல் காலமானார். அடுத்த ஆண்டு, 1,000 பயிற்சியாளர்களைக் கடந்ததை அவுட்ரீச்சி கொண்டாடியது. அவர்களில் இந்தியா, நைஜீரியா, பிரேசில் நாட்டினர் பலர். 18 வயது நிரம்பியவர்கள் விண்ணப்பிக்கலாம். மே சுற்றுக்கான முதல்கட்ட விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் தொடக்கத்திலும், டிசம்பர் சுற்றுக்கானது ஆகஸ்டிலும் திறக்கப்படுகிறது.